களனிவெளி ரயிலில் வாகக் காட்டுக்கு: கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணம், முழுமையான வழிகாட்டி

கொழும்பில் காடு பார்க்கப் போகிறேன் என்றால் சிங்கராஜவா என்று கேட்பார்கள். ரயிலில் போகிறேன் என்றால் எல்லவா என்பார்கள். இரண்டுக்கும் விடுமுறை வேண்டும், தங்குமிடம் வேண்டும். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் முன்னே படம் எடுக்க இடம் பிடிக்கும் பொறுமையும் வேண்டும். மருதானையில் ஏறி, ஒரே டிக்கெட்டில் மழைக்காட்டின் ஓரத்திலுள்ள வாக என்ற கிராமத்தில் இறங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய பாதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதுதான் களனிவெளிப் பாதை. அதில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதைத் திட்டித் தீர்ப்பார்கள். ஊர்கிறது, நெரிகிறது, நடுவழியில் நிற்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்த ஊர்தலுக்கு நூற்றிருபது ஆண்டுக் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தவருக்கு ஜன்னலோர இருக்கையே அருங்காட்சியகம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ரயிலை மையமாக வைத்தே போகிறது. காரில் போனால் வாக ஒரு சாதாரணக் கிராமம், அவ்வளவுதான்.

ஏறுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

இலங்கையில் முதல் ரயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. கண்டிக்கும் மலையகத்துக்கும் போன அந்தப் பிரதான பாதை அகலப்பாதை. தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீட்டர். களனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் தேயிலையும் ரப்பரும் பயிரிட்ட துரைமார் தங்களுக்கும் ரயில் வேண்டும் என்று நச்சரித்தபோது அரசாங்கம் செலவைக் கணக்குப் பார்த்தது. முடிவில் கிடைத்தது இரண்டரை அடிக் குறும்பாதை, 762 மில்லிமீட்டர். அகலப்பாதையில் பாதிகூட இல்லை.

பாதை குறுகினால் வண்டி சிறிதாகும், வண்டி சிறிதானால் வளைவு இறுகலாம். வளைவு இறுகலாம் என்றால் குன்றைக் குடைய வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு போய்விடலாம். வயலுக்கு நடுவே மண் கொட்டி மேடு கட்ட வேண்டியதில்லை, ஓரமாக ஒதுங்கிப் போகலாம். அப்படித்தான் போட்டார்கள். 1902இல் அவிசாவளை, 1903இல் யட்டியாந்தோட்டை, 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஓப்பநாயக்க என்று பாதை கட்டம் கட்டமாக நீண்டது.

பிறகு அதே வேகத்தில் சுருங்கவும் செய்தது. யட்டியாந்தோட்டைக் கிளையை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே மூடிவிட்டார்கள். அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓப்பநாயக்க வரை போன பகுதி 1970களில் கைவிடப்பட்டது. மிஞ்சிய கொழும்பு–அவிசாவளைப் பகுதியை 1990களில் அகலப்பாதையாக மாற்றினார்கள். மாற்றியது தண்டவாளத்தின் அகலத்தை. பாதை போன தடம் பெரும்பாலும் பழைய தடமேதான். சின்ன வண்டிக்கு வெட்டிய வளைவில் பெரிய வண்டி வேகமாகப் போக முடியுமா? சுமார் அறுபது கிலோமீட்டரைக் கடக்க இன்றும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆவதற்கு இதுதான் முதன்மைக் காரணம்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். காலையில் இலேசான குளிர் இருக்கும், பாதைகள் காய்ந்திருக்கும், அட்டைகள் குறைவு. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்ப்பதும் இந்த நாட்களில்தான். மழைநாட்டில் இலையுதிர் காலம் பார்க்க வேண்டுமானால் ரப்பர்த் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்குப் பிறகு இடி இறங்கும். அந்த மாதங்களில் போனால் இரண்டு மணிக்குள் நடையை முடித்துக் கூரைக்கடியில் இருக்க வேண்டும். மே தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. களனி ஆற்றுக்கு வெள்ள எச்சரிக்கை விடுத்திருக்கும் வாரத்தில் இந்தப் பக்கம் போகவே வேண்டாம். மழை விட்டிருக்கும் ஒரு ஜூன், ஜூலை நாள் கிடைத்தால் மட்டும் துணிந்து கிளம்பலாம். அப்போது ரம்புட்டான் காலம். அவிசாவளை வீதியோரம் முழுக்கச் சிவப்புக் குவியல்கள்.

கிழமை முக்கியம். இது அலுவலக ரயில் பாதை. வார நாட்களில் காலையில் கூட்டமெல்லாம் கொழும்பை நோக்கி வரும், மாலையில் கொழும்பிலிருந்து போகும். நாம் போவது எதிர்த் திசை என்பதால் காலையில் இடம் கிடைக்கும். ஆனால் நடுப்பகலில் ரயில்கள் அரிது. ஞாயிறு, போயா தினங்களில் இன்னும் அரிது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சனிக்கிழமை ஒத்துவரும் என்பது என் கணிப்பு. நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது. அதனால் நண்பர் அனுப்பிய பழைய படத்தை நம்பாமல், முதல்நாள் நிலையத்தில் கேளுங்கள், அல்லது அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழையுங்கள். மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்: காலையில் அவிசாவளைக்குப் போகும் ரயில் எது, அது வாகவில் நிற்குமா, மாலையில் கடைசியாகக் கொழும்புக்குத் திரும்பும் ரயில் எப்போது. மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

எங்கே ஏறுவது

கோட்டையில் அல்லது மருதானையில் ஏறுங்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்தவர்களுக்கு மருதானை கிட்ட. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்கள் கரையோர ரயிலில் கோட்டைக்கு வந்து மாறலாம். கிருலப்பனையிலோ நுகேகொடையிலோ நேரே ஏறிக்கொள்வதுதான் அவர்களுக்குச் சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் பாதையின் மிக விசித்திரமான துண்டைத் தவறவிட்டுவிடுவீர்கள். அதைப் பற்றி அடுத்து வருகிறேன்.

முன்பதிவு கிடையாது. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டைக் கவுண்டரில் வாங்கினால் போதும். பஸ் கட்டணத்தைவிடப் பொதுவாகக் குறைவு. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும் நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பெட்டிகளில் கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: எந்தப் பக்கமானாலும் ஜன்னல். நிழல் பார்த்து உட்கார்ந்து பயனில்லை. பாதை திரும்பித் திரும்பிப் போவதால் வெயில் ஒரு நிலையத்தில் உங்கள் மடியிலும் அடுத்த நிலையத்தில் எதிர் இருக்கைக்காரர் மடியிலும் விழும். வளைவுகளை அனுபவிக்க விரும்பினால் பின்பெட்டியில் ஏறுங்கள். வண்டி வளையும்போதெல்லாம் முன்பெட்டிகள் ஜன்னலில் தெரியும், அதுவும் சில சமயம் வலப்புறம், சில சமயம் இடப்புறம்.

ஜன்னலில் பார்க்க வேண்டியவை

மருதானையை விட்டதும் பிரதான பாதையிலிருந்து வண்டி பிரிந்து பேஸ்லைன் வீதி, கொட்டா வீதி நிலையங்களுக்குப் போகிறது. இந்த இடத்தில் கைப்பேசியைக் கீழே வையுங்கள். பொரளையில் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் பச்சைப் புல்வெளிக்கு ஊடாகவே தண்டவாளம் போகிறது. ஒரு நிமிடம் முன்பு வரை தகரக் கூரைகளும் துணிக் கொடிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சட்டென்று சீவிவிட்ட புல், மணற்குழி, வெள்ளைத் தொப்பி போட்ட கனவான்கள். பந்தடிக்க வந்தவர் ரயில் போகும்வரை மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு காத்து நிற்பார். கொழும்பின் சமூகவியலை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

நாரஹேன்பிட்ட, கிருலப்பனை, நுகேகொடை, மஹரகம, பன்னிப்பிட்டிய, கொட்டாவை: இவையெல்லாம் நகரம்தான். இந்தத் தூரத்தில் கேட்பதற்கு ஒன்று உண்டு, ஹோர்ன். தெருவுக்குத் தெரு கடவை இருப்பதால் சாரதி கையை எடுக்க வழியில்லாமல் ஒலித்துக்கொண்டே போவார். ஹோமாகம தாண்டியதும் ஒலி குறையும். மீகொட, வட்டரெக்க கடந்து பாதுக்கையை நெருங்கும்போது வயல், கமுகு, கித்துல், அதற்குப் பின்னே ரப்பர் என்று அடுக்கு மாறிவிடும்.

பாதுக்கைக்குப் பிறகு பின்னவல என்று ஒரு நிலையம் வரும். பிள்ளைகள் யானையைத் தேடி ஜன்னலுக்குப் பாய்வார்கள். அது வேறு பின்னவல. யானைச் சரணாலயம் இருப்பது ரம்புக்கனைப் பக்கம், இன்னொரு பாதையில். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அழுகை மிச்சம்.

இந்த இடங்களில் நிலையங்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். சில நிலையங்கள் ஒரு பெயர்ப்பலகையும் சிறு மேடையும் மட்டும். பெரிய நிலையங்களில் தாழ்ந்த ஓட்டுக் கூரையும் மரத் தூண்களும் இருக்கும். சின்ன வண்டிக்குக் கட்டிய கட்டடங்களின் முன் பெரிய வண்டி வந்து நிற்கும்போது அளவு பொருந்தாமல் தெரியும். அண்ணனுக்குத் தம்பியின் சட்டை. பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர்ரயில் வரவேண்டுமானால் ஏதாவது நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். நிலைய அதிபர் கையில் தோளளவு கம்பி வளையமும் அதில் தொங்கும் தோல் பையும் தெரிந்தால் எட்டிப் பாருங்கள். பைக்குள் இருக்கும் உலோக வில்லைதான் அடுத்த துண்டுப் பாதைக்குள் நுழைய அனுமதி. அது கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்த மாட்டார். ஒரு துண்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் வெளியே எடுக்க முடியும் என்பதால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வர இடமில்லை. விக்டோரியா காலத்து யோசனை. கணினி இல்லாமல் அவ்வளவு உறுதி.

ரயில் நடுவில் காரணமில்லாமல் நின்றுவிட்டதாகத் தோன்றும்போது பெரும்பாலும் காரணம் இந்தச் சந்திப்புத்தான். இறங்கித் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்க அது நேரமல்ல.

வாகவில் இறங்கியதும்

கம்மன, மொரகெலே நிலையங்களுக்குப் பிறகு வாக. முன்கூட்டியே வாசலுக்கு வந்துவிடுங்கள், நிற்கும் நேரம் குறைவு. வண்டி போன பிறகு வரும் அமைதிக்கு நகரத்துக் காது பழகச் சற்று நேரம் ஆகும். அவசரப்படாமல் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் வீணாகாது. அப்போதே செய்ய வேண்டிய காரியம்: நிலையத்தில் மாலை ரயிலின் நேரத்தை மறுபடி உறுதிப்படுத்துவது.

இங்கே பேச்சு மொழி சிங்களம். இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும், மக்கள் சாவகாசமானவர்கள், வழி கேட்டால் கூடவே வந்து காட்டுவார்கள். புவக்பிட்டிய, அவிசாவளைப் பக்கம் போனால் ரப்பர்த் தோட்டங்களில் நம் மலையக மக்கள் இருக்கிறார்கள். தமிழ்க் குரல் கேட்டதும் நின்று விசாரிப்பார்கள். லயன் வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக நீங்களும் நின்று விசாரியுங்கள்.

காடு யாருடையது, எதுவரை போகலாம்

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

வாகவைச் சுற்றியுள்ள பகுதியில் கொழும்பு மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் தாழ்நில மழைக்காட்டின் பெரும்பங்கு இருக்கிறது. லபுகம, களட்டுவாவ என்று இரண்டு நீர்த்தேக்கங்கள், அவற்றைச் சூழ்ந்த ஒதுக்குக் காடு. லபுகம நீர்த்தேக்கத்தை 1880களில் கட்டினார்கள். கொழும்பு நகரத்துக் கிணறுகள் கெட்டுப்போன காலம் அது. காட்டுக்குள் நீரைத் தேக்கி, அதைக் குழாய் வழியாக மருதானையை அடுத்த மாளிகாகந்த நீர்த்தாங்கிக்குக் கொண்டுவந்தார்கள். களட்டுவாவ அடுத்த நூற்றாண்டில் வந்தது. இன்று கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனாலும் இந்த இரண்டு நீர்த்தேக்கங்களும் இன்னும் நமக்குத் தண்ணீர் தருகின்றன. காடு வெட்டப்படாமல் தப்பியதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். சுற்றியிருந்த நிலமெல்லாம் ரப்பராகிப் போனபோது நீரேந்து பகுதியை மட்டும் தொடவிடவில்லை.

அதனால்தான் கட்டுப்பாடும் அதிகம். நீர்த்தேக்க வளாகங்கள் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பில் உள்ளன. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒதுக்குக் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியது. அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். உள்ளே போயே ஆக வேண்டும் என்பவர்கள், குறிப்பாகப் பறவை பார்க்கும் குழுக்கள், பல நாட்கள் முன்பே எழுத்தில் விண்ணப்பித்து, வழிகாட்டி ஒருவரோடு போக வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளியிடம் நயமாகப் பேசி உள்ளே போய்விடலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உங்கள் நயத்துக்கு அவருடைய வேலை போகும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு அனுமதி தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். கிராம வீதிகள் காட்டோரமாகவே போகின்றன. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் காடு. பறவைகளும் குரங்குகளும் இந்த எல்லையில்தான் அதிகம் தென்படும். அடர்காட்டுக்குள் நுழைந்தால் இலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. நிலையத்தருகே முச்சக்கரவண்டி பிடித்து, களட்டுவாவப் பக்கம் காட்டோர வீதி வரை கொண்டுபோய் விடச் சொல்லி, அங்கிருந்து வந்த வழியே நிலையத்தை நோக்கி நடப்பது நல்ல ஏற்பாடு. போகும் வழியைக் கண் குறித்துக்கொள்ளும், திரும்பும் நடை முழுக்க நிதானமாக இருக்கும். சாரதியின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே வரைபடத்தை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நடக்கும்போது எதைப் பார்ப்பது

ரப்பர்ப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். காலையில் போனால் பால் வெட்டுவதைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்புதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியும்போதே வேலை ஆரம்பமாகிவிடும். பட்டையில் சரிவாக ஒரு மெல்லிய சீவல், காகிதத் தடிப்புத்தான். அதற்கு மேல் வெட்டினால் மரம் புண்ணாகும். சீவிய கோட்டின் நெடுக வெள்ளைப் புள்ளிகள் முதலில் வியர்த்துப் பிறகு ஒன்றுசேர்ந்து, கீழே குத்தியிருக்கும் தகட்டுத் தூம்பு வழியாகச் சிரட்டைக்குள் சொட்டத் தொடங்கும். மரத்தைச் சுற்றிப் பாவாடை போல் பிளாஸ்டிக் கட்டியிருந்தால் அது மழைநீர் சிரட்டையில் விழாமல் இருப்பதற்கு. காற்றில் புளித்த வாடை வந்தால் பக்கத்தில் எங்கோ ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடம் இருக்கிறது என்று பொருள். ஆசியாவின் ரப்பர்க் கதை தொடங்கியதே நம் கம்பஹாவில்தான். 1876இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடவில் நட்டார்கள். அதன் தொடர்ச்சிதான் இந்தப் பள்ளத்தாக்கு, அந்த ரயில், நீங்கள் நிற்கும் வீதி.

சிரட்டையைத் தொடாதீர்கள். அது ஒருவருடைய நாட்கூலி.

காட்டுப் பக்கம் அண்ணாந்து பார்க்க வேண்டும். நேராக, கிளையில்லாமல் நெடுந்தூரம் உயர்ந்து போகும் சாம்பல் நிற மரம் ஹொர. இலங்கைக்கே உரியது. அதன் காய்க்கு இரண்டு நீண்ட சிறகு உண்டு. காய்த்திருக்கும் காலத்தில் காற்றடித்தால் நூற்றுக்கணக்கில் சுழன்றுகொண்டே இறங்கும். ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் எறியச் சொல்லுங்கள், பிள்ளைகள் அரைமணி நேரம் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். செம்புநிறத் துளிரோடு நிற்பது நாகமரம், நம் தேசிய மரம். தடித்த மஞ்சள் கொடி கண்ணில் பட்டால் அது மரமஞ்சளாக இருக்கலாம். மருந்துக்கு வெட்டி வெட்டியே அரிதாகிப்போன கொடி. நகம் போட்டுப் பார்க்கக்கூட வேண்டாம்.

உச்சிக்கிளையில் கரகரத்த இருமல் போன்ற குரைப்புக் கேட்டால் நில்லுங்கள். ஊதாமுக மந்தி. கருத்த முகம், அதைச் சுற்றி வெண்தாடி, நீண்டு தொங்கும் வால். உலகில் இலங்கையில் மட்டும் வாழ்வது. அதிலும் கொழும்பைச் சுற்றி வாழும் மேற்குக் கிளையினம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதற்கு எஞ்சியிருக்கும் பெரிய புகலிடம் இந்த லபுகம–களட்டுவாவக் காடுதான். இலைதின்னி, மரத்தைவிட்டு இறங்குவதை விரும்பாது. கோயில் குரங்கு போலக் கையிலிருந்து பறிக்காது. வாழைப்பழம் நீட்டி அதற்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள்.

சருகில் காலை வைக்குமுன் பாருங்கள். சிங்களத்தில் குணகட்டுவா என்று அழைக்கும் சிறிய விரியன் பழுத்த இலையின் நிறத்தில் அப்படியே கிடக்கும். ரப்பர்த் தோட்டங்களில் அதன் கடி சாதாரணம். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையில் ஒரு தடி. இவை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உட்கார விழுந்த மரம் கிடைத்தால் முதலில் தடியால் தட்டுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அட்டைகள்

தனித் தலைப்புக் கொடுத்ததற்குக் காரணம், கொழும்புக்காரர்கள் பாம்பைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நின்ற இடத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: ஈரச் சருகின் நுனியில் தீக்குச்சித் தடிப்பில் ஒன்று நிமிர்ந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மணம் பிடிக்கும். உங்கள் மூச்சும் சூடும் எட்டியதும் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து சப்பாத்தை நோக்கி நடக்கும். கயிறு கோர்க்கும் துளைகள் வழியாக உள்ளே நுழைந்துவிடும்.

காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிடுங்கள். காலுறையில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலானவை திரும்பிவிடும். தேசிக்காயும் உதவும், சித்தாலேப தைலமும் உதவும். மழையில் நனைந்தால் எல்லாவற்றையும் மறுபடி பூச வேண்டும். கடித்தபிறகு பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெதுவாக விளிம்பைத் தள்ளி எடுங்கள். இரத்தம் கொஞ்சநேரம் வடியும், அது அட்டை விட்டுப்போன இரசாயனத்தின் வேலை. பொதுவாக நோய் எதுவும் தராது. சொறிந்து புண்ணாக்குவதுதான் ஆபத்து.

நோய் வருவது வேறு வழியில். இந்தப் பகுதிகளில் எலிக்காய்ச்சல் உண்டு. காலில் வெட்டுக் காயத்தோடு வயற்சேற்றிலோ தேங்கிய நீரிலோ இறங்க வேண்டாம். திரும்பி வந்து ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சலும் தசை வலியும் வந்தால் இங்கே போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாடு

கையோடு கொண்டுபோங்கள். வாகவில் கடைகள் சிறியவை. பாண், மாலு பாண், பிளேன்டீ கிடைக்கும், மதியச் சோற்றுக்கு நம்ப முடியாது. சைவக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். புளிச்சோறோ, கட்டா சம்பலும் ரொட்டியுமோ வாழையிலையில் கட்டினால் கெடாது. தண்ணீர் ஒருவருக்கு ஒன்றரை லீட்டர். கொண்டுபோன பிளாஸ்டிக் முழுவதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீங்கள் எறிவது இறுதியில் உங்கள் வீட்டுக் குழாய்க்குத்தான் வந்து சேரும்.

நேரம் இருந்தால் அவிசாவளை வரை

காட்டு நடையை முற்பகலிலேயே முடித்துவிட்டால் அடுத்த ரயிலிலோ பஸ்ஸிலோ அவிசாவளைக்குப் போகலாம். வாகவிலிருந்து கொஸ்கம, புவக்பிட்டிய வழியாக வரும் இந்தக் கடைசித் துண்டு வளைவுகளுக்குப் பேர்போனது. மலை கிட்ட வந்து நிற்கும்.

அவிசாவளையில் பாதை முடிகிறது. முன்னொரு காலத்தில் இது முடிவாக இருக்கவில்லை. ஒரு கிளை யட்டியாந்தோட்டைக்கும் இன்னொன்று இரத்தினபுரிக்கும் இங்கிருந்துதான் பிரிந்தன. தண்டவாளம் நிற்கும் இடத்துக்கு அப்பால் மண்மேடும் வீடுகளும்தான். பழைய தடத்தைத் தேடி அலைவதில் ஆர்வமுள்ளவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் காட்டித் தருவார்கள். தடம் போன இடங்கள் இன்று பலருடைய முற்றம் என்பதால் கேட்காமல் நுழைய வேண்டாம். இந்தப் பாதையில் ஓடிய குறும்பாதை வண்டிகளைப் பார்க்க வேண்டுமானால் கடுகண்ணாவையில் 2014இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு இன்னொரு நாள் போக வேண்டும்.

அவிசாவளையில் தமிழ் வாசகர்கள் தவறவிடக்கூடாத இடம் பெரெண்டி கோவில். சீதாவக்கை இராசதானியின் தலைநகர் இந்த அவிசாவளைதான். இங்கிருந்து மாயாதுன்னையும் அவன் மகன் முதலாம் இராஜசிங்கனும் போர்த்துக்கேயரை ஓட ஓட விரட்டினார்கள். தந்தையைக் கொன்ற பாவத்துக்குப் பிக்குகள் கழுவாய் சொல்ல மறுத்ததால் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவினான் என்று பிக்குகள் எழுதிய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. சொன்னவர்கள் அவனுக்கு எதிர்த்தரப்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பைரவருக்காக அவன் எழுப்பத் தொடங்கிய கற்கோயில் முற்றுப்பெறவில்லை. 1593இல் அவன் இறந்தான், கொஞ்சக் காலத்தில் இராசதானியும் போயிற்று. இன்று நிற்பது அடித்தளமும் செதுக்கிய கல்வரிசைகளும் மட்டும். அரைத்தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தென்னிந்தியக் கோயில்களைப் பார்த்த கண்ணுக்குப் பழக்கமான கைவேலை, சுற்றிலும் ஈரமான சிங்களக் கிராமம். தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடம், கல் மேல் ஏறி நிற்கக் கூடாது.

ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஆசை வரும். சீதாவக்கை ஆறு மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே ஏறிவிடும். ஊர்க்காரர் யாரும் குளிக்காத இடத்தில் நீங்களும் இறங்க வேண்டாம்.

சீதாவக்கை தாவரவியல் பூங்காவும் அவிசாவளைக்கு அருகில்தான். ஈரவலயத் தாவரங்களுக்காக அமைத்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் வாகக் காட்டு நடைக்குப் பதிலாக இதையே வைத்துக்கொள்ளலாம்: ஒழுங்கான பாதை, உட்கார இடம், பெயர்ப்பலகை போட்ட மரங்கள். கோயில், பூங்கா, காடு மூன்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். கோயிலும் காடும் போதும்.

திரும்புவது

மாலை ரயிலைப் பிடிக்க முடிந்தால் ரயில். கொழும்புப் பக்கம் போகும் வண்டியில் அந்த நேரம் கூட்டம் குறைவு. ஆனால் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்காக நெடுநேரம் இருக்க நேரிடும், சில நாட்களில் அடுத்தது இல்லாமலே போகும். அப்போது அவிசாவளை பஸ் நிலையத்துக்குப் போய் 122ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். ஹைலெவல் வீதி வழியாக ஹோமாகம, மஹரகம, நுகேகொடை தொட்டுப் புறக்கோட்டைக்கு வரும். வெள்ளவத்தைக்காரர்கள் புறக்கோட்டை வரை போகத் தேவையில்லை, கிருலப்பனையில் இறங்கி மாறிக்கொள்ளலாம். வாகவிலேயே மாட்டிக்கொண்டால் முச்சக்கரவண்டியில் ஹைலெவல் வீதிக்கு வந்து அதே பஸ்ஸை மறிக்கலாம். பஸ்ஸில் உட்காருவதற்கு முன் காலுறையை ஒருமுறை உருவிப் பாருங்கள், பக்கத்து இருக்கைக்காரர் அலறாமல் இருக்க.